பிடிக்காத பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், துணி மாற்றித் தரும் கவுண்டரில் 11 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்ட பிறகும் அதே சந்தேகங்கள் என்னைத் தேடி வருகின்றன: பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், கோயில் பிராகாரத்தில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இங்கே பேசுவது குறையில்லாத பொருளைப் பற்றி. கிழிசல் இல்லை, சாயம் போகவில்லை. மனத்துக்குப் பிடிக்கவில்லை, அல்லது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். குறையுள்ள பொருளின் கணக்கு வேறு. தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைத் தொடுகிறேன். சட்டம் என்று சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம்.

1. நேற்று வாங்கிய சேலை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பில் இருக்கிறது, மடிப்புக்கூடக் கலையவில்லை. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் அல்லவா?

இல்லை. பலருக்கு இந்தப் பதில் கசக்கிறது. ஆனாலும் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விலை பேசி, பணம் கொடுத்து, பொருளைக் கையில் வாங்கியதும் விற்பனை முடிந்துவிடுகிறது. நிறம் ஒத்துவரவில்லை, நாத்தனாரும் அதே சேலையை எடுத்துவிட்டார் என்பதெல்லாம் முடிந்த விற்பனையைக் கலைக்கும் காரணங்கள் அல்ல. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். அதைக் கேள்விப்பட்டவர்கள் சேலைக்கும் அப்படி ஏதோ இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ஜவுளிக்கோ பாத்திரத்துக்கோ அப்படி ஒரு காலம் வைக்கப்படவில்லை.

கடைக்காரரே வாக்குக் கொடுத்திருந்தால் நிலைமை மாறிவிடும். பில்லிலோ, சுவர் அறிவிப்பிலோ, துணிப்பையிலோ “7 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்” என்று இருந்தால், அதை நம்பித்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். அது விற்பனையின் ஒரு பகுதி. உங்கள் உரிமை முழுவதும் அந்த வாக்கில்தான் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பலவும் அதைச் சுற்றியே போகும்.

2. 30 நாள் சட்டம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கிறது, ஆனால் குறையுள்ள பொருளுக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று அது சொல்கிறது. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் தர வேண்டும்.

குறை என்றால் கிழிசல் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். விற்றவர் எந்தத் தரத்தைச் சொல்லி விற்றாரோ அந்தத் தரம் இல்லாவிட்டாலும் குறைதான். “அசல் பட்டு” என்று சொல்லிக் கொடுத்ததில் செயற்கை இழை கலந்திருந்தால், சேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் நீங்கள் “பிடிக்கவில்லை” வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

3. பில்லின் அடியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று அச்சடித்திருக்கிறார்கள். அது செல்லுமா?

குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. எதற்கும் விதிவிலக்கில்லாமல் இப்படி ஒரே வரியில் அச்சடிப்பதே நியாயமற்ற வணிக முறை என்று பல நுகர்வோர் ஆணையங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. அந்த வரியைக் காட்டி உங்களைப் பயமுறுத்தினால் பின்வாங்க வேண்டாம்.

ஆனால் அந்த வரி செல்லாது என்பதால், பிடிக்காத பொருளைத் திருப்பும் உரிமை தானாக முளைத்துவிடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கவுண்டரில் சத்தம் போட்டு, மேலாளர் மனம் இளகியிருக்கக்கூடிய நேரத்தில் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. “மாற்றித் தருவோம்” என்றார்கள். போனால் பணம் இல்லை, வேறு பொருள் எடுங்கள் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

மாற்றித் தருவது வேறு, பணத்தைத் திருப்பித் தருவது வேறு, கிரெடிட் சீட்டு தருவது வேறு. நம் ஊர்க் கடைகளில் “மாற்றித் தருவோம்” என்றால் அதே விலைக்கு வேறு பொருள், கூடுதல் விலையென்றால் மிச்சத்தைக் கட்ட வேண்டும் என்றுதான் பொருள். குறைந்த விலைக்கு எடுத்தால் மீதிக்குக் கிரெடிட் சீட்டு எழுதுவார்கள். அந்தச் சீட்டில் காலக்கெடு இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். மூன்று மாதம் பீரோவில் கிடந்து வீணான சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

பொருள் குறையுள்ளது என்றால் சீட்டை வாங்கிக்கொள்ளக் கட்டாயம் இல்லை, பணமாகவே கேட்கலாம். பிடிக்காத பொருளுக்குக் கடை சொன்ன வாக்கு எதுவோ அதுதான்.

5. அப்படியானால் வாங்கும்போதே என்ன கேட்க வேண்டும்?

மூன்றே கேள்விகள். எத்தனை நாள்? பணமா, பொருளா, சீட்டா? தள்ளுபடிச் சரக்குக்கும் இது உண்டா? மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி நெருக்கத்திலும் “இதற்கு மாற்று இல்லை” என்ற சிறிய அட்டை எங்காவது தொங்கும். கூட்டத்தில் கண்ணில் படாது.

விற்பனையாளர் வாயால் சொல்வதும் வாக்குதான், ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் வேறு மாடியில் இருப்பார். பில் போடும் இடத்தில் “அண்ணே, இதையே பில்லில் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். பேனாவால் ஒரு வரி, கடை முத்திரை, தேதி போதும். எழுதித் தரத் தயங்கினால், திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

6. சேலையை உடுத்தவே இல்லை என்று சொல்கிறேன். கவுண்டரில் நம்ப மறுக்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சேலை வந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். புதுப்பட்டுக்கும் கஞ்சிக்கும் தனி வாசனை உண்டு. சாம்பிராணியோ மல்லிகையோ வியர்வையோ கலந்திருந்தால் மூக்கு சொல்லிவிடும். பிறகு முந்தானையை விரித்து, தோளில் விழும் இடத்தை வெளிச்சத்தில் பிடிப்பேன். ஊக்குக் குத்திய இடத்தில் இரண்டு பொட்டுத் துளைகள் தெரியும். அடுத்தது கீழ்க்கரை: ஃபால் தைத்துப் பிரித்திருந்தால் ஊசித் தடம் வரிசையாக நிற்கும். உள்மடிப்பில் குங்குமப் பொடி, இடுப்பு மடிப்பில் சுருக்கம். கடையில் மடித்த மடிப்பும் வீட்டில் மடித்த மடிப்பும் ஒன்றாக இருக்காது.

ஒருமுறை ஒரு பாட்டி கொண்டுவந்த சேலையில் மடிப்புக் கலைந்திருந்தது. கட்டிவிட்டார்கள் என்று மறுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “பேத்தியின் தோளில் போட்டுப் பார்த்தேன் அய்யா, அவ்வளவுதான்” என்றார். மறுபடி பார்த்தேன், ஊக்குத் துளை இல்லை, வாசனை இல்லை. மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மடிப்பை மட்டும் வைத்து யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது: விலைச்சீட்டைக் கழற்றாதீர்கள், ஃபால் தைக்கக் கொடுக்காதீர்கள், கண்ணாடி முன் போட்டுப் பார்க்கும் முன் கையில் மஞ்சளோ எண்ணெயோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பில் தொலைந்துவிட்டது. விலைச்சீட்டு இருக்கிறது. போதுமா?

சில கடைகளில் போதும். பார்கோடு இருந்தால் எந்தத் தேதியில், எந்த பில்லில் போனது என்று கணினியில் தேடலாம். செல்பேசி எண் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். யு.பி.ஐ. அல்லது அட்டையில் கட்டியிருந்தால் அந்தப் பதிவைக் காட்டுங்கள். தேதியும் தொகையும் பொருந்தினால் மனமுள்ள கடையில் தேடி எடுப்பார்கள்.

பில்லே தரவில்லை என்றால் அது வேறு விஷயம். பில் தராமல் விற்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. இன்னொன்று: இப்போதைய பில்கள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். சில மாதங்களில் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. காலையில் போனால் “இன்னும் போணி ஆகவில்லை, பிறகு வாருங்கள்” என்கிறார்கள். இது என்ன நியாயம்?

சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் முதல் வியாபாரம் நடக்கும் முன் கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது என்ற நம்பிக்கை நம் கடைத்தெருவில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. விளக்கு வைத்த பிறகும் வெள்ளிக்கிழமையிலும் இதே தயக்கம் உண்டு. கேலி செய்து பயனில்லை. கடையின் நல்லெண்ணத்தை நம்பிப் போகிற நீங்கள், அவர்களுக்குச் சங்கடமில்லாத நேரத்தில் போவதுதான் புத்திசாலித்தனம். வார நாளில், காலை 11 மணிக்கு மேல் போங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும்.

கெடு அன்றோடு முடிகிறது என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். “பொருளோடு வந்தார்” என்று பில்லின் பின்புறம் தேதியிட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அவர்கள் சொன்ன நேரத்துக்குத் திரும்பிப் போங்கள்.

9. எந்தப் பொருளை எந்தக் கடையிலும் திரும்ப எடுக்கவே மாட்டார்கள்?

உள்ளாடை, வெட்டிய மீட்டர் துணி, ரவிக்கைத் துண்டு வெட்டிய சேலை, அளவெடுத்துத் தைத்தது, பெயர் பொறித்த பாத்திரம், முத்திரை உடைத்த அழகுப் பொருள், உணவு. செல்பேசியும் மின்சாதனமும் பெட்டியைத் திறந்துவிட்டால் கடினம். மருந்துக் கடைகளில் வெட்டாத முழு அட்டையை, பில்லில் உள்ள தொகுதி எண் ஒத்துப்போனால் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். இன்சுலின் போல் குளிரில் வைக்க வேண்டியதை எடுப்பதில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி எப்படி இருந்தது என்று தெரியாமல் அதை இன்னொரு நோயாளிக்குக் கொடுக்க முடியாது.

10. தங்கச் சங்கிலி வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. திருப்பினால் முழுப் பணம் வருமா?

பெரும்பாலும் வராது. கடை வாக்குக் கொடுத்திருந்தால் தவிர, அதைப் பழைய நகையாகவே எடுப்பார்கள். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலி. சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 8.96 கிராமுக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். மேலே 3 சதவீத ஜி.எஸ்.டி. திருப்பும்போது தராசில் இருப்பது 8 கிராம்தான். 0.96 கிராமின் விலையும் வரியும் போய்விடும். விலை இறங்கியிருந்தால் அதுவும் உங்கள் தலையில்.

பணமாகக் கேட்பதைவிட, அதே கடையில் வேறு நகையாக மாற்றக் கேட்டால் சேதாரத்தை விட்டுக்கொடுக்கும் கடைகள் உண்டு. எத்தனை நாள் வரை என்பதை வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். நகை விஷயத்தில் 5ஆம் பதிலைத் தட்டிக்கழிப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

11. இணையத்தில் வாங்கினால் கட்டாயம் திரும்ப எடுக்க வேண்டுமாமே?

இங்கே அப்படி இல்லை. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, திரும்பப் பெறும் நிபந்தனைகளை முன்கூட்டியே தெளிவாகக் காட்ட வேண்டும். குறையுள்ள பொருள், போலி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறானது, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தது ஆகியவற்றைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. வெறுமனே பிடிக்காததற்கு நிறுவனம் தரும் 7 நாளோ 10 நாளோ அவர்களுடைய வாக்குதான். பொருளுக்குப் பொருள் மாறும் என்பதால், பணம் கட்டும் முன் அந்தப் பொருளின் பக்கத்திலேயே பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுத்தான் இந்தக் கேள்வி வருகிறது. பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை, கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். நேரில் கடைக்குப் போய் வாங்கியதற்கு அங்கேயும் அந்த உரிமை கிடையாது.

12. தெருக்கோடிக் கடையில் ஐந்து சேலை வீட்டுக்கு எடுத்துப்போய், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்புவேன். அதுவும் இதே கணக்கா?

இது வேறு கணக்கு, உங்களுக்குச் சாதகமானது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எடுத்துப்போனால், நீங்கள் ஒப்புக்கொள்ளும் வரை அது கடைக்காரரின் சரக்கே. படுத்திருக்கும் மாமியாரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துப்போகும் மருமகளுக்குச் சட்டமும் துணை நிற்கிறது.

பேசிய நாளைத் தாண்டி வைத்திருந்தாலோ, ஃபால் தைத்தாலோ, ஒருமுறை கட்டினாலோ வாங்கியதாகவே ஆகிவிடும். நாள் பேசாவிட்டால் நியாயமான காலம் என்று சட்டம் சொல்கிறது. அந்த வழக்குக்கு இடம் வைக்காமல் நாளைப் பேசிவிடுங்கள். ஐந்து சேலை என்றால் ஐந்தின் விலையும் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கட்டும்.

13. கடை வெளிச்சத்தில் கத்தரிப்பூ நிறமாக இருந்தது. வீட்டில் பார்த்தால் நாவல்பழ நிறம். இது குறைதானே?

உங்கள் ஏமாற்றம் நியாயமானது, ஆனால் இதைக் குறை என்று நிறுவுவது கடினம். துணி மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது. அந்தக் காலத்தில் நம் பெண்கள் சேலையை வாசற்படி வரை கொண்டுவந்து வெயிலில் பார்ப்பார்கள். நான்காவது மாடியில் வாங்கினாலும் அதைக் கேட்டுச் செய்யுங்கள். மறுக்கிற கடையை நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் மாதிரித் துண்டைக் காட்டி, இதே நிறத்தில் 20 சேலை தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு வேறு நிறத்தில் அனுப்பினால் அது வேறு. மாதிரிக்கு ஒத்துவராத சரக்கை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

14. பிடிக்கவில்லை என்றால் எடுக்க மாட்டார்கள். ஒரு இடத்தில் சின்னதாகக் கிழித்துவிட்டு “கிழிசல்” என்று சொல்லிவிடலாமா?

கூடாது. நெசவுக் குறையில் இழை விட்டுப்போயிருக்கும், அல்லது முடிச்சாக நிற்கும். பிளேடால் வெட்டினால் இழைகள் ஒரே நேராக முடிந்திருக்கும். பூதக்கண்ணாடி கூட வேண்டாம், விரலால் தடவினாலே தெரியும். தெரியாமல் போனாலும் அந்த நஷ்டம் யாரோ ஒருவர் தலையில் விழத்தான் செய்யும். நெசவாளர் தலையில் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி வந்தவர்களுக்காக எத்தனையோ முறை மேலாளரிடம் மன்றாடியிருக்கிறேன். பொய் சொன்னவர்களுக்காக ஒருமுறையும் மனம் வந்ததில்லை.

15. பணம் தர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வோம் என்கிறார்கள்.

வரியை அரசுக்குக் கட்டிவிட்டோம் என்பது முழுக் காரணம் ஆகாது. பொருள் திரும்பினால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி கடை கிரெடிட் நோட் போட்டுத் தன் வரிக் கணக்கைக் குறைத்துக்கொள்ளலாம். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை அதற்கு அவகாசம் இருக்கிறது. விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகளோ உங்களிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. பொறுமையாக இதை எடுத்துச் சொல்லுங்கள், கணக்கருக்குத் தெரிந்திருக்கும்.

யு.பி.ஐ.யில் பணம் திருப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. “எண்ணைப் போடுங்கள், பணம் வரும்” என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் அவர் கடைக்காரர் அல்ல.

16. என் 15 வயது மகன் சேர்த்து வைத்த பணத்தில் எங்களுக்குத் தெரியாமல் செல்பேசி வாங்கிவிட்டான். திருப்ப முடியுமா?

1ஆம் பதிலுக்கு இது ஒரு விதிவிலக்கு. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை; 1903இல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றம்) அதை உறுதிசெய்தது. வயதுச் சான்றோடு, பெட்டியோடு, அன்றே அல்லது மறுநாளே போய்ப் பேசுங்கள். ஆனால் மிட்டாய், நோட்டு, பேனாவுக்கெல்லாம் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். செல்பேசியை ஒரு மாதம் பயன்படுத்திவிட்டுப் போனாலும் எடுபடுவது கடினம்.

17. 7 நாள் என்று எழுதிய கடையே ஐந்தாம் நாள் மறுத்துவிட்டது. எங்கே போவது?

இப்போது உங்கள் கையில் பலம் இருக்கிறது. முதலில் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: பில் எண், தேதி, அவர்கள் வாக்கு, மறுத்த நாள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

மேலூரிலிருந்து ஓர் அம்மா 2,400 ரூபாய்ச் சேலைக்காக என்னிடம் வந்தார். பில்லில் வாக்கு எதுவும் இல்லை, கடை கைவிரித்துவிட்டது. சேலையை என்ன பையில் வாங்கினீர்கள் என்று கேட்டேன். வீட்டில் வெங்காயம் போட்டு வைத்திருந்த பையை மறுநாள் உதறி எடுத்து வந்தார். பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் “7 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்” என்று இருந்தது. அதைப் படம் எடுத்துக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். நான்காம் நாள் கடையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.